திரும்பிக் கிடந்த முக்கோணங்கள்

கிழக்குத் தாம்பரம்
12 ஜனவரி 2025

சக்தி,

போனில் பேசினால் பத்தாவது நிமிடம் இருவரும் ஒரே நேரத்தில் "சரி, அப்புறம்?" என்கிறோம். அதற்குப் பிறகு ஒரு சின்ன அமைதி. அது எனக்குத் தாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். மின்னஞ்சல்தான், ஆனால் கடிதம் மாதிரி. பதிலும் அப்படியே வேண்டும். கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினாயோ, தொலைந்தாய்.

நீ ஜெர்மனி போய் நான்கு மாதம். நான் தாம்பரம் சானடோரியத்தில் அதே மாடி அலுவலகத்தில். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள். அளவுகளைக் கொடுத்தால் விலைக்கு வாங்கிய மென்பொருள் வண்ணப் படம் போடுகிறது. ஜெயகிருஷ்ணன் சார் பின்னால் வந்து நின்று கேட்பார்: "செவப்பு எங்கயாவது இருக்காம்மா? இல்லல்ல? அப்ப அனுப்பிடு." அவ்வளவுதான் பொறியியல்.

உள்ளே என்ன நடக்கிறது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. நமக்குத் தெரியும். நாம் கையால் எழுதியிருக்கிறோம். உங்கள் மீனவக் குப்பத்துக் கரையை ஆயிரத்து எண்ணூறு முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொரு முக்கோணத்துக்கும் தனியாகச் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் தைத்து ஒன்றாக்கி, பத்து வருடத்தில் மணல் எங்கே போகும் என்று கேட்டோம். கல்லூரிக் கடைசி வருடம். அதைப் போல எதையும் அதற்குப் பிறகு நான் செய்யவில்லை.

உன் அம்மா போன் செய்தார்கள். காணும் பொங்கலுக்கு வரச் சொன்னார்கள். போகலாமா என்று உன்னைக் கேட்கிறேன். நீ இல்லாமல் அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை.

ஸ்ம்ருதி


ரோஸ்டாக்
13 ஜனவரி

அடியே ஸ்மிரு,

போகலாமாவா? போகாவிட்டால் அம்மா தாம்பரத்துக்கே கூடையோடு வந்து நிற்பாள். போ. வஞ்சிர மீன் வறுவல் வைப்பாள். நீங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தும் வைப்பாள். நீ சாப்பிடுவாய் என்றும் அவளுக்குத் தெரியும்.

இங்கேயும் கடல் இருக்கிறது. மூக்கு வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கழுவி வைத்த கடல்.

என் பேராசிரியர் ஒரு கிழட்டுப் பிடிவாதம். தயாராக இருக்கும் மென்பொருள் எதையும் தொடாதே, எல்லாவற்றையும் முதலிலிருந்து நீயே எழுது என்கிறார். அதனால் நம் பழைய கணினி நிரலைப் பிரித்து வரி வரியாகப் படித்தேன். எது உன் வரி, எது என் வரி என்று பார்த்தவுடனே தெரிகிறது. உன் வரிகளுக்கு நடுவே மூச்சு விட இடம் இருக்கும். என்னுடையது காலை நேரத்துப் பல்லாவரம் பஸ்.

ஒன்று கற்றுக்கொண்டேன். வரைபடத்தின் ஓரத்தில் இது கடல், இது ஓடை என்று எதுவும் சொல்லாமல் விட்டால், கணக்கு அதைத் திறந்த இடமாக எடுத்துக்கொள்வதில்லை. சுவராக எடுத்துக்கொள்கிறது. எதுவும் உள்ளே வராது, வெளியே போகாது. நீ நான்கு மாதம் எழுதாததை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இருவரும் ஒரே ஆராய்ச்சி இடத்துக்கு விண்ணப்பித்தோம். எனக்குக் கிடைத்தது, உனக்கு இல்லை. அதற்காக நீ என்னிடம் பேசாமல் இருந்தால் நியாயம். வேறு எதற்காவது என்றால் சொல்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். போனில் ஏதோ மறைக்கிறார். உடம்பா என்று பார்.

சக்தி


கிழக்குத் தாம்பரம்
17 ஜனவரி

சக்தி,

உடம்பு இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா கல்லைப் போல இருக்கிறார்.

கேளம்பாக்கம் வழியாகப் பஸ். கோவளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. உன் அம்மா என் தட்டில் மூன்று துண்டு வைத்தார்கள். "உங்கம்மா கேட்டா மொளகா பஜ்ஜின்னு சொல்லு" என்றார்கள். சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு உன் அப்பா, "வாம்மா, ஒண்ணு காட்றேன்" என்று வீட்டுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். கரைப் பக்கம். அங்கே கடைக்காலுக்குப் பள்ளம் வெட்டியிருக்கிறது. பாதி நீளத்துக்குக் கருங்கல் இறக்கியாயிற்று.

"வூடு" என்றார். "ரெண்டு ரூமு. மேல தளம். டிசம்பர்ல சக்தி வர்றப்ப நேரா இங்கதான் வந்து எறங்கணும். அவ கைல சொல்லிடாத. சொன்னேன்னா உன்ன கடல்ல தள்ளிட்டு நீச்சல் தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தேன். அப்புறம் கேட்டேன்: "கடலுக்கு இவ்வளவு கிட்டவா அங்கிள்?"

அவர் உள்ளே போய் நம் படத்தை எடுத்து வந்தார். பத்தாவது வருடத்துப் படம். ஆய்வேட்டின் கடைசிப் பக்கம். கோவளத்தில் லேமினேஷன் போட்டு, காலண்டர் பக்கத்தில் மாட்டி வைத்திருந்திருக்கிறார். பச்சை இருக்கும் இடத்தில் விரலை வைத்தார்.

"மணலு இங்க நிக்கிது, பாரு. பத்து வருஷத்துக்கு நிக்கிது. ஊர்ல எல்லாரும் பேஜார் பண்றானுங்க, லோகு, முன்னால போவாத, பெரும்பாக்கத்துல கவர்மென்ட்டு ஃப்ளாட்டு தருவான், வாங்கிகினு போய்டுன்னு. அவனுங்களுக்கு இன்னா தெரியும்? எம் பொண்ணு போட்ட படம் இது. நீயும்தானே போட்டே?"

நானும்தான் என்றேன்.

சத்தியத்தை மீறிவிட்டேன். வாக்குத் தவறுவது இந்த வாரத்தில் இதோடு நிற்கட்டும் என்று நினைக்கிறேன். நிற்காது என்று தோன்றுகிறது.

ஒன்று கேட்கிறேன். யோசித்துப் பதில் எழுது. அந்தப் படத்தை இப்போது நீ நம்புகிறாயா?

ஸ்ம்ருதி


ரோஸ்டாக்
18 ஜனவரி

ஸ்மிரு,

இரண்டு அறை. மேலே தளம். நூலகத்துக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கதவிலிருந்து ஒருத்தி ஜெர்மனில் ஏதோ கேட்டாள். வீடு என்றேன். தமிழில்தான் சொன்னேன்.

உன் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும். ஏன் என்று கேட்காதே. அதற்குள் கல் இறக்குவதை எப்படியாவது தள்ளிப்போடு. அமாவாசை, அஷ்டமி, எதையாவது சொல். உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தின் மேல் அப்பாவுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்று நானும் கேட்கவில்லை, பார்.

சக்தி


கிழக்குத் தாம்பரம்
2 பிப்ரவரி

சக்தி,

பஞ்சாங்கம் சொன்னேன். "கடலுக்கு ஏதும்மா அஷ்டமி" என்றார். மேஸ்திரிக்குக் காய்ச்சல் வந்ததால் தானாகவே நின்றிருக்கிறது.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதி அழித்தேன். அலங்காரம் எல்லாம் போய் இப்போது இவ்வளவுதான் மிச்சம்.

2022 ஏப்ரல். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் காலை. நீ பைண்டிங் கடைக்குப் போயிருந்தாய், சேலையூரில். கடைசிப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருந்தோம். படம் வரவில்லை. நான்காவது மழைக்காலத்தில் நிரல் நின்றது. ஒரு முக்கோணத்தின் பரப்பு மைனஸில் வந்திருந்தது.

மூன்று மூலைகளையும் இடஞ்சுழியாக எண்ணினால் பரப்பு ப்ளஸ். வலஞ்சுழியாக எண்ணினால் மைனஸ். யாரோ எங்கோ மாற்றி எண்ணியிருக்கிறோம், வேறொன்றுமில்லை என்று நினைத்தேன். தேட நேரமில்லை. மைனஸ் வந்தால் ப்ளஸ்ஸாக எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். ஓடியது. பத்து வருடமும் ஓடியது. அழகான பச்சை.

நீ வந்து "ஓடிடுச்சா?" என்றாய். "ஓடிடுச்சு" என்றேன். வேறெதுவும் நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன செப்டம்பரில், நீ கிளம்பிய கையோடு, அலுவலகத்து மென்பொருள் ஒரு தொட்டியில் நின்றது. முக்கோணம் திரும்பிக் கிடக்கிறது, தொடர முடியாது என்று எழுதியது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. நாம் எண்ணியதில் தவறில்லை. நாம் தைத்த முக்கோணங்கள், அந்த மெஷ், நகரும் மெஷ். மணல் நகர நகர, புள்ளிகளும் நகரும். ஒரு புள்ளி எதிர்ப்பக்கத்தைத் தாண்டிப் போனால் முக்கோணம் உள்வெளியாகப் புரண்டு, பக்கத்து முக்கோணத்தின் மேல் படுத்துக்கொள்ளும். மைனஸ் என்றால் அதுதான். நிரல் அதைச் சொல்லத்தான் நின்றது. நான் அதன் வாயைப் பொத்தினேன். அதற்குப் பிறகு ஒரே மணலை இரண்டு முறை எண்ணியிருக்கிறது. உன் அப்பா விரல் வைத்த பச்சை அந்த இரண்டாவது எண்ணிக்கை.

நான்கு மாதம் எழுதாததற்குக் காரணம் இடம் கிடைக்காதது இல்லை. இது.

ஸ்ம்ருதி


ரோஸ்டாக்
3 பிப்ரவரி

ஸ்மிரு,

தெரியும்.

அக்டோபரிலிருந்தே தெரியும். வரி வரியாகப் படித்தேன் என்று எழுதினேனே. அந்த வரிக்கு மேலே நீயே ஒரு குறிப்பு வைத்திருக்கிறாய்: "தற்காலிகம். பிறகு பார்க்கவும்." மூன்று வருடமாகிறது, மகாராணி.

என் பிரதியில் அதை எடுத்துவிட்டேன். பேராசிரியரிடம் சொன்னேன். எல்லோரும் ஒரு முறை செய்வது, இரண்டாம் முறை செய்யாதே என்றார். உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு இடம் கிடைக்காத நேரம். இதையும் உன் தலையில் போட வேண்டாம் என்று நினைத்தேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. எனக்கு இந்த இடத்தை வாங்கிக் கொடுத்ததே அந்தப் படம்தான். அதைத் திரும்பப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வரி இல்லாமல் எங்கள் குப்பத்தை ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். அரை மணி நேர வேலை. ஓட்டவில்லை. அப்பா அதைச் சுவரில் மாட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாட்டாவிட்டாலும் ஓட்டியிருக்க வேண்டும்.

இந்த இரண்டு வாரத்தில் எத்தனையோ விதமாக ஓட்டிவிட்டேன். எல்லாமே நான்காவது மழைக்காலத்தில் நின்றுவிடுகிறது. அதாவது இந்த வருடக் கடைசி. அதற்குப் பிறகு நம்மிடம் விடையே இல்லை.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத ஆரம்பித்தேன். இருக்கிறது. "ஓடிடுச்சா" என்று கேட்டுவிட்டு எப்படி ஓடியது என்று கேட்காத ஒருத்தி மேலும் இருக்கிறது.

அப்பாவிடம் நீ எதுவும் சொல்லாதே. நான் பேசுகிறேன். என் தப்பு என்றே சொல்லப்போகிறேன். உன் பெயர் வராது. அந்த வீட்டில் உனக்குத் தட்டு வைப்பது நிற்கக் கூடாது.

சக்தி


கிழக்குத் தாம்பரம்
9 பிப்ரவரி

சக்தி,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. நேற்று போனேன். பஸ் முழுக்க வாக்கியங்கள் தயார் செய்துகொண்டு போனேன். உன் அப்பா மணலில் உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். படம் தப்பு. தப்பு என்னுடையது. சக்திக்குத் தெரியாமல் நான் செய்தது.

துணியில் கையைத் துடைத்தார்.

"முந்தாநேத்து அவ போன் பண்ணி அவ தப்புன்றா. இன்னிக்கு நீ வந்து உன் தப்புன்ற. இன்னா, ரெண்டு பேரும் ஏலம் எடுக்கறீங்களா?"

உன் அம்மா உள்ளேயிருந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"மெஷ்ஷு மெஷ்ஷுன்னு அவ சொல்றா. அப்டின்னா இன்னாம்மா?"

"வலை, அங்கிள்."

"எங்கைலயே வலையா?" எழுந்து நின்றார். "சரி. உன் வலைல சிக்கு வுழுந்துச்சு. அது புரியுது எனக்கு. சிக்கு வுழாத வலை ஏது? சிக்கோட மடிச்சு வெச்சுட்டு, அல்லாம் சரியா கீதுன்னு ஏன் சொன்னே?"

எனக்கு மார்க் வேண்டியிருந்தது என்றேன். அதுதான் உண்மை. பஸ்ஸில் தயார் செய்த வாக்கியங்களில் அது இல்லை.

"அப்ப மணலு நிக்காதா?"

"தெரியல அங்கிள். இந்த வருஷக் கடைசிக்கு மேல கணக்கு போக மாட்டேங்குது."

"தெரியலன்னு சொல்றதுக்கா இவ்ளோ படிப்பு?"

உன் அம்மா, "சும்மா இருய்யா, புள்ள மூஞ்சப் பாரு" என்றார்கள். அவர் உள்ளே போனார். படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். கிழித்திருந்தால் பரவாயில்லை. துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "எடுத்துகினு போம்மா" என்றார். நான் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தாம்பரம் வரை வந்தேன்.

சம்பந்தம் மேஸ்திரி எனக்காக இல்லை, காய்ச்சலுக்காகத்தான் இதுவரை நிறுத்தியிருந்தார். இப்போது தேறிவிட்டார். 22ஆம் தேதி சனிக்கிழமை வேலை தொடங்காவிட்டால் ஊரப்பாக்கத்தில் ஒப்புக்கொண்ட வேலைக்குப் போய்விடுவார். பிறகு மழைக்கு முன்னால் வீடு இல்லை. அந்தச் சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன் என்றார் உன் அப்பா. என்னிடம் இல்லை. உன் அம்மாவிடம்.

பன்னிரண்டு நாள். திரும்பிய முக்கோணங்களை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிதாக முக்கோணம் போட வேண்டும். தனியாக என்னால் முடியாது.

தட்டு வைத்தார்கள். நான்தான் சாப்பிடவில்லை.

ஸ்ம்ருதி


ரோஸ்டாக்
16 பிப்ரவரி

ஸ்மிரு,

ஓடுகிறது. முக்கோணம் நசுங்க ஆரம்பித்ததுமே நிறுத்தி, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, புதிதாகப் போட்டு, பழைய முக்கோணங்களில் இருந்த மணலைப் புதியவற்றுக்கு மாற்றுகிறேன். பத்து வருடமும் நிற்காமல் ஓடியது. பரப்பு ஓர் இடத்திலும் மைனஸ் இல்லை.

விடை மோசம், ஸ்மிரு. மூன்று வருடம்கூட இல்லை. இந்த மழை, அடுத்த மழை, அதற்கடுத்ததில் கடைக்கால் தண்ணீருக்குள். வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு ஓரமும் ஏழாவது வருடம் போகிறது. வீட்டின் பின்பக்கம் நான் பள்ளிக்கூடப் பை மாட்டும் ஆணி இருக்கிறதே, அது வரைக்கும்.

படத்தை இணைத்திருக்கிறேன். இன்றைக்கே போய் அப்பாவிடம் சொல். பெரும்பாக்கம் ஃப்ளாட்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொல். ஒன்பதாவது மாடியாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் லிஃப்டில் வலையோடு ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் சொல்.

சக்தி


கிழக்குத் தாம்பரம்
18 பிப்ரவரி

சக்தி,

சொல்லவில்லை. திட்டு, பிறகு படி.

முதல் முறை நமக்குப் பிடித்த விடை வந்தது, நம்பினோம். இந்த முறை நம்மைத் தண்டிக்கிற விடை வந்திருக்கிறது. அதையும் அதே வேகத்தில் நம்புகிறாய். குற்ற உணர்ச்சியோடு பார்த்தால் கெட்ட செய்தி எல்லாம் உண்மை மாதிரியே இருக்கிறது. எனக்கும்தான்.

அதனால் ஒரு சின்னச் சோதனை எழுதினேன். காற்று இல்லை, அலை இல்லை. எதுவுமே நடக்காத கடற்கரை. வெறுமனே முக்கோணங்களை வெட்டி மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். விடை தெரிந்த கேள்வி. மணல் இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே இருக்க வேண்டும்.

இல்லை. ஒவ்வொரு முறை வெட்டிப் போடும்போதும் ஆயிரத்தில் மூன்று பங்கு காணாமல் போகிறது. பத்து வருடத்தில் உன் நிரல் ஏறத்தாழ இருநூறு முறை வெட்டுகிறது. பாதி மணல் போயிற்று. அதைக் கடல் தின்னவில்லை, சக்தி. நாம் தின்றோம்.

நீ புதிய புள்ளி எந்தப் பழைய முக்கோணத்துக்குள் விழுகிறதோ அங்கிருந்து உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறாய். மேட்டின் உச்சி இரண்டு புள்ளிக்கு நடுவில் மாட்டினால் உச்சி போய்விடுகிறது. உயரத்தை எடுக்காதே. பழைய முக்கோணமும் புதிய முக்கோணமும் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு விழுகின்றன என்று பார்த்து, அந்த அளவுக்கு மணலையே எடுத்து வை. எழுதுவது கஷ்டம், தெரியும். வெட்டும் பகுதியை நீ எழுது. சோதனைகளை நான் எழுதுகிறேன். மொத்த மணல் ஒரு பிடி குறைந்தாலும் நிரல் நிற்க வேண்டும். அந்த வரியை நான் ஏற்கனவே போட்டுவிட்டேன். மேலே குறிப்பும் எழுதியிருக்கிறேன்: "நிரந்தரம்."

இன்று அரை நாள் விடுப்பு எடுத்து குப்பத்துக்குப் போனேன். அளவு எடுக்க மட்டும். கடைக்காலிலிருந்து தண்ணீர் ஓரம் வரை நாடா பிடிக்க ஆள் வேண்டும். உன் அப்பா எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். நாற்பத்தொன்பது மீட்டர். நம் பழைய படம் இந்த மாதத்துக்கு அறுபத்திரண்டு என்றது. உன் புதிய படம் இருபத்தேழு என்கிறது. இரண்டுமே பொய். உன் அடுத்த நிரல் 2022இலிருந்து கிளம்பி இந்த நாற்பத்தொன்பதுக்குப் பக்கத்தில் வந்து சேரட்டும். பிறகு சொல்லலாம்.

ஸ்ம்ருதி


ரோஸ்டாக்
21 பிப்ரவரி

ஸ்மிரு,

நாற்பத்தேழு.

திட்டினேன், முழுசாக, இரண்டு மொழியில். அப்புறம் நீ சொன்ன மாதிரி எழுதினேன். உன் சோதனைகள் பதினாறு முறை என்னை நிறுத்தின. பதினேழாவது முறை விட்டன. மணல் ஒரு பிடி குறையவில்லை.

முன்னால், கடைக்கால் போட்ட இடம்: இன்றிலிருந்து எட்டாவது மழை, ஒருவேளை ஒன்பது. அலையைக் கொஞ்சம் கூட்டினால் ஆறு. எப்படிப் பார்த்தாலும் போகிறது. பின்னால், சவுக்கு ஓரம்: இருபது வருடம் ஓட்டினேன். நிற்கிறது. எல்லா அலைக்கும் நிற்கிறது. ஆனால் அது நாம் கேட்ட கேள்விகளுக்கான பதில் மட்டும்தான். வடக்கே யாராவது ஒரு கல் சுவர் போட்டால் என்ன ஆகும் என்று நிரலுக்குத் தெரியாது.

நாளைக்குச் சனிக்கிழமை. நீ போக வேண்டும். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பொறாமையாக இருக்கிறது, அந்த நாடாவின் மேல்கூட.

சக்தி


கிழக்குத் தாம்பரம்
22 பிப்ரவரி

சக்தி,

படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். சம்பந்தம் மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்து பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் படத்தை விரிக்கப் போனேன்.

"படம் வேணாம்" என்றார். "எடத்தக் காட்டு. நடந்து காட்டு."

நடந்தேன். முன்னால் போட்ட கல்லில் நின்று, "இது எட்டு வருஷம், அங்கிள். ஆறாவும் ஆகலாம்" என்றேன். அவர் கல்லைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் அவரே தோளில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும்.

பழைய வீட்டைத் தாண்டிப் பின்னால் போனோம். வலை காயப்போடும் இடம். உன் அம்மாவும் கூடவே வந்தார்கள்.

"இங்க கட்னா வாசல்லேர்ந்து கடல் தெரியாதுய்யா."

"தெரியாட்டி இன்னா? முப்பது வருஷமா பாத்துகினுதானே கீறேன்."

"நீ பாத்தே. நான் எப்பப் பாத்தேன்? நான் அடுப்பத்தான் பாத்தேன்."

"அப்ப மாடில ஒரு ஜன்னல் வெக்கறேன், போ. உக்காந்து பாரு."

மேஸ்திரி சிரித்துவிட்டார். மாடியே கிடையாது, தளம் மட்டும்தான் என்று அவருக்குத் தெரியும். இப்போது மாடி உண்டு போலிருக்கிறது.

சவுக்கு ஓரத்தில் ஓர் இடத்தில் நின்றேன். கணக்கில் இந்த இடம்தான். கைபேசியில் மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.

"இங்க வரைக்கும் வராது."

உன் அப்பா வீட்டு மூலைக்கான கட்டையை ஊன்றிப் பிடித்தார். சுத்தியலைத் தூக்கினார். என்னால் பார்க்க முடியவில்லை. திருத்தியது, பதினாறு முறை நிறுத்தியது, நாற்பத்தேழு, எல்லாம் தெரியும். தெரிந்தும் கையை நீட்டி மறித்தேன்.

"அங்கிள், இன்னும் ரெண்டடி பின்னால."

சுத்தியல் நின்றது. "ஏன்? கணக்கு மாறிச்சா?"

"இல்ல. கணக்கு இங்கதான் சொல்லுது."

"அப்புறம் இன்னா?"

"பயமா இருக்கு."

என்னையே பார்த்தார். போன தடவை படத்தைக் கழற்றிய பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது இதுதான் முதல் முறை. அப்புறம் சிரித்தார். வாய் விட்டு. உன் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"பயமா கீதா? அப்ப பத்தடி" என்றார்.

கட்டையைப் பிடுங்கிக்கொண்டு, காலடி வைத்து எண்ணிப் பின்னால் போனார். பத்து முடிந்ததும் நிற்கவில்லை. பன்னிரண்டில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அடித்து இறக்கினார். மேஸ்திரி டீ டம்ளரைக் கவிழ்த்துவிட்டு அளவு நூலை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்ம்ருதி